மாதம் 15,000 'லாபம்': நட்டம் வந்த மாதத்திலுமா?

கேள்வி: சிவதாபுரத்தில் என் கணவர் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். இதுவரை செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் தரும் கட்டி வெள்ளியைக் கொலுசாக்கிக் கொடுத்துக் கூலி வாங்கி வந்தோம். இனி சொந்தமாக வெள்ளி வாங்கிச் செய்து விற்கலாம் என்று ஆசை. ஆத்தூரில் இருக்கும் என் அண்ணன், நிலம் விற்ற பணத்தில் 12 லட்சம் தருகிறேன் என்கிறார். "எனக்கு வட்டி வேண்டாம், ஹராம். மாதம் 15,000 லாபமாகக் கொடுங்கள், மூன்று வருஷத்தில் முதலைத் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார். ஏற்காட்டில் மிளகு குத்தகை எடுக்கும் என் மாமனாருக்கு வங்கிக் கடன் என்றாலே ஆகாது. அண்ணன் சொல்வது கூடுமா? பழைய கொலுசை எடுத்துக்கொண்டு புதுக் கொலுசு கொடுப்பதிலும் ஏதோ தவறு இருப்பதாக ஒருவர் சொன்னார், உண்மையா? குடியிருக்க அம்மாபேட்டையில் 6 லட்சத்துக்கு ஒரு போக்கிய வீடு வருகிறது, போகலாமா? பட்டறைக் கணக்கு எழுதுவது நான்தான், அதனால் நானே கேட்கிறேன்.
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஆடிட்டர், ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதோடு என் மார்க்கப் படிப்பு முடிந்தது. இந்தத் தொழிலில் இருப்பதால் ஹஜ்ரத்துகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். கடைசி வார்த்தையை உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் போகும்போது வாய்வார்த்தையாகச் சொல்லாமல் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். 12 லட்சத்துக்கு மாதம் 15,000 என்றால் நம் ஊர்ப் பேச்சில் ஒன்னேகால் வட்டி. வருஷத்துக்கு 15 சதவீதம். அதற்கு லாபம் என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் மனதில் கபடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. வட்டி என்ற சொல்தான் ஹராம், சொல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம் ஜனங்களில் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் ஒரு தறிக்காரருக்குக் கணக்கு எழுதினேன். அவருக்குப் பணம் கொடுத்த ஒருவருக்கு மாதாமாதம் 18,000 போய்க்கொண்டிருந்தது. தறிக்காரர் சொன்னபடி 'லாபப் பங்கு' என்று எழுதி வைத்தேன். கணக்கைப் பார்த்த வருமான வரி அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுக்கு முந்தின வருஷம் நட்டம் காட்டியிருக்கீங்களே, அப்ப எவ்வளவு கொடுத்தீங்க?" பக்கத்தைப் புரட்டினேன். அதே 18,000. "அப்ப வட்டின்னு எழுதுங்க சார். டிடிஎஸ் எங்க?" என்றார். வட்டி கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டிய வரியைத்தான் கேட்டார். அந்த அதிகாரி முஸ்லிம் இல்லை, ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டம் படித்தவரும் இல்லை. ஆனால் ஃபிக்ஹு கேட்கும் கேள்வியையே கேட்டார்.

"அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்தான்" என்ற வசனம் (2:275) நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே வசனத்தில் அதற்கு முன்னால் வரும் வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. "வியாபாரமும் வட்டி மாதிரிதானே" என்று அன்றைக்கே சிலர் வாதாடியதை அந்த வரி சொல்கிறது. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நூறு போட்டு நூற்றுப் பதினைந்து எடுக்கிறவர்கள்தான் இரண்டு பேரும். வித்தியாசம் நட்டத்தில்தான் தெரியும். ஒரு பொருளின் பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ, அதன் வரவும் அவருக்கே என்பது ஷரீஅத் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. வெள்ளி விலை சரிந்தாலும், பட்டறையில் திருட்டுப் போனாலும், அண்ணனின் 12 லட்சம் முழுசாக நிற்கும், மேலே 15,000 வரும் என்றால் அவர் எதற்குமே பொறுப்பேற்கவில்லை. அப்படியானால் அது கடன். கடனுக்கு மேல் பேசி வாங்குவது ரிபா, அதாவது வட்டி.

அவரைப் பங்காளியாக்குங்கள். இதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. பணம் முழுக்க ஒருவருடையது, உழைப்பு முழுக்க இன்னொருவருடையது என்றால் முளாரபா. லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். உழைத்தவர் கவனக்குறைவாகவோ ஒப்பந்தத்தை மீறியோ நடந்திருந்தால் மட்டும் அவர் பணத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இருவரும் பணம் போட்டால் முஷாரகா. உங்கள் கணவரிடம் மெஷினும் கொஞ்சம் சொந்த வெள்ளியும் இருக்குமே, அதனால் உங்களுக்கு இதுதான் பொருந்தும்.

கணக்காகவே பார்ப்போம். அண்ணன் 12 லட்சம். உங்கள் மெஷின், வெள்ளி, ரொக்கம் எல்லாவற்றையும் இன்றைய விலைக்கு மதிப்பிட்டு 8 லட்சம் என்று வைப்போம். மொத்தம் 20. போட்ட முதலில் அண்ணனுக்கு 60 சதவீதம் இருந்தாலும், பட்டறையில் உட்காருவது உங்கள் கணவர் என்பதால் லாபத்தில் அண்ணனுக்கு 40, கணவருக்கு 60 என்று பேசலாம். ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) இதற்கு இடமுண்டு. ஷாஃபி மத்ஹபில் லாபமும் முதலின் விகிதப்படிதான். ஆனால் நட்டத்தைப் போட்ட முதலின் விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு வருஷம் 5 லட்சம் லாபம் வந்தால் அண்ணனுக்கு 2 லட்சம். அவர் கேட்ட 15,000 வீதம் வருஷத்துக்கு 1,80,000தான், ஆக நல்ல வருஷத்தில் அவருக்கு அதிகமாகவே கிடைக்கிறது. லாபம் 1 லட்சம்தான் என்றால் 40,000. 1 லட்சம் நட்டமென்றால் அதில் 60,000 அவருடையது, 40,000 உங்களுடையது. அவர் சொன்ன முறையில் போயிருந்தால் அந்த நட்ட வருஷத்தில் உங்களுக்கு 1 லட்சமும் போய், மேலே 1,80,000மும் போயிருக்கும்.

மாதாமாதம் கையில் காசு வேண்டும் என்று அவர் கேட்பதில் தவறில்லை. உத்தேசமாக 10,000 முன்பணமாகக் கொடுத்து வாருங்கள், மார்ச் 31 கணக்கு முடித்ததும் கூடுதல் குறைவைச் சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்தே தீருவோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சும்மா பேச்சுக்கு இருந்தால் மூன்றாம் வருஷம் அந்த 10,000மும் மாத வட்டியாகத்தான் நிற்கும். மூன்று வருஷத்தில் முதல் வேண்டும் என்றால், அன்றைய மதிப்பில் அவர் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கணவர் வாங்கிக்கொள்ளலாம். போட்ட 12 லட்சத்தை அப்படியே திருப்பித் தருகிறேன் என்று இன்றைக்கே உறுதி எழுதிக் கொடுக்காதீர்கள், மறுபடியும் கடனாகிவிடும்.

பத்திரம் எழுதும்போது கவனிக்க ஒன்று உண்டு. 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி சாதாரண பார்ட்னர்ஷிப் போட்டால், பட்டறைக் கடனுக்கு அண்ணனின் சொந்த வீடு வரைக்கும் பொறுப்பாகும். முளாரபாவில் பணம் போட்டவரின் நட்டம் போட்ட பணத்தோடு நிற்கும். அந்தத் தன்மைக்கு நெருக்கமாக இருப்பது 2008இல் வந்த எல்.எல்.பி. (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை) சட்டம்தான். அதில் வருஷாவருஷம் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் தணிக்கை கட்டாயம். வெள்ளி வியாபாரத்தில் 40 லட்சமெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். எந்த வகையாக இருந்தாலும் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் உண்டு. வரி கட்டிய பிறகு பங்காளிகள் கைக்கு வரும் லாபத்துக்குத் தனியாக வரி கிடையாது. 12 லட்சத்தையும் பேங்க் வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வர வழியிருக்கிறது. குர்ஆனிலேயே நீளமான வசனம் (2:282) தவணைக் கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்கிற வசனம்தான். அண்ணன் தங்கைக்குள் எதற்கு எழுத்து என்று யாராவது சொன்னால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

இனி கொலுசு. உங்களிடம் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு என்று ஆறு பொருளைச் சொல்லி, அதே இனத்துக்கு அதே இனத்தை மாற்றினால் எடைக்கு எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்கிறது நபிமொழி. இனம் வேறானால் எப்படி வேண்டுமானாலும் விற்கலாம், அப்போதும் கைக்குக் கை. வெள்ளி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஏட்டுச் சட்டம், நம் ஊரில் இது தினப்படி பிழைப்பு.

ஒரு அம்மா 180 கிராம் பழைய கொலுசைத் தராசில் வைக்கிறார். டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்து, அழுக்கும் பற்றவைப்பும் கழித்து, 120 கிராம் புதுக் கொலுசை அதற்குப் பதிலாகக் கொடுத்தனுப்புகிறீர்கள். வெள்ளிக்கு வெள்ளி, எடை சமமில்லை. தரம் குறைவு, வேலைப்பாடு அதிகம் என்ற காரணமெல்லாம் இங்கே செல்லாது. கைபரிலிருந்து நல்ல பேரீச்சை கொண்டுவந்தவர், இரண்டு படி மட்டமானதைக் கொடுத்து ஒரு படி உயர்ந்ததை வாங்கினோம் என்று சொன்னபோது, அப்படிச் செய்யாதே, மட்டமானதைக் காசுக்கு விற்று அந்தக் காசில் நல்லதை வாங்கு என்று நபியவர்கள் வழி சொன்னார்கள். கடையில் நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. பழைய வெள்ளியை எடை போட்டு விலை சொல்லி, வாங்கியதற்கு ஒரு சீட்டு எழுதி, பணத்தை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு புதுக் கொலுசுக்குத் தனி பில், 3 சதவீதம் ஜி.எஸ்.டி.யோடு. ஜி.எஸ்.டி. கணக்குக்கும் இப்படித் தனித்தனியாக இருப்பதுதான் சுத்தம்.

அரை நிமிஷம் கையில் பணம் கொடுத்து வாங்குவது வெறும் நாடகம்தானே என்று என் அலுவலகப் பையனே கேட்டான். பணம் கைக்கு வந்த அந்த அரை நிமிஷத்தில் அந்த அம்மா எழுந்து எதிர்க்கடைக்குப் போகலாம். போகக்கூடிய நிலை இருந்தால் அது வியாபாரம். பணத்தை நீட்டிக்கொண்டே மறு கையால் பிடித்துக்கொண்டால் நாடகம்தான், அதில் சந்தேகமில்லை.

கடனுக்குக் கொலுசு விற்பதில் ஆலிம்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. ரூபாய் நோட்டும் வெள்ளியைப் போன்ற நாணயம்தான், ஆகவே தவணை கூடாது என்பார் உண்டு. நோட்டு வேறு, வெள்ளி வேறு, ஒரு பக்கமாவது கைமாறினால் போதும் என்பார் உண்டு. நீங்கள் யாரைப் பின்பற்றுகிறீர்களோ அவரிடம் கேளுங்கள். ஆனால் வெள்ளியையே கடனாக வாங்கினால் வாங்கிய எடைதான் திருப்ப வேண்டும். மேலே பத்து கிராம் பேசினாலும் வட்டி.

பழைய கூலி வேலையையும் விட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வியாபாரி தரும் கட்டி வெள்ளி உங்களிடம் அமானிதம், அவருடைய சொத்து. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசினால் சிக்கலே இல்லை. சேதாரமாக விட்டுக்கொடுத்ததில் மிச்சம் பிடித்து வைத்துக்கொள்வது பட்டறைகளில் வழக்கம், அங்கேதான் இடிக்கிறது. மாவு அரைப்பவனுக்கு அரைத்த மாவிலிருந்தே கூலி பேசுவதை ஹனஃபி சட்ட வல்லுநர்கள் ஏற்கவில்லை. எவ்வளவு தேறும் என்று இருவருக்கும் தெரியாத ஒன்றைக் கூலியாக்குவதும் கூடாது. ரூபாய்க் கூலியை ஏற்றிக் கேளுங்கள், மிஞ்சும் வெள்ளிப் பொடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேட்க எளிது, வியாபாரி முகம் சுளிப்பார் என்பது எனக்கும் தெரியும்.

மாமனாரின் மிளகைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. வங்கியைக் கண்டால் ஆகாத பெரியவர், காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் கொடியில் சரம் பிடிக்கும்போதே மொத்தத் தோட்டத்துக்கும் விலை பேசுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். மழை பொய்த்தால் நட்டம் அவருடையது, ஆகவே பொறுப்பு ஏற்கத்தான் செய்கிறார். ஆனால் இது கண்ணைக் கட்டிக்கொண்டு ஏற்கும் பொறுப்பு, கரர். கனி முதிர்ச்சி தெரியுமுன் விற்பதற்குத் தடை இருக்கிறது. "அல்லாஹ் கனியைத் தடுத்துவிட்டால், உன் சகோதரனின் பணத்தை எதற்காக எடுப்பாய்?" என்பது நபிமொழியின் கருத்து. தோட்டக்காரருக்கு முன்பணம் தேவைப்படுகிறது என்றால் ஸலம் இருக்கிறது. முழு விலையையும் இன்றே கொடுத்து, இன்ன தரம், இத்தனை கிலோ, இன்ன தேதி என்று எழுதிக்கொள்வது. இந்தத் தோட்டத்து, இந்தக் கொடி மிளகு என்று கட்டக் கூடாது. அந்தக் கொடி காய்க்காவிட்டாலும் அவர் சந்தையில் வாங்கியாவது தர வேண்டும். மதீனாவின் விவசாயிகளுக்கு முன்பணம் கிடைத்த வழி அது.

மெஷினுக்கு இஸ்லாமிய வங்கிக் கடன் கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். வளைகுடாவிலோ மலேசியாவிலோ என்றால் வங்கியே மெஷினை வாங்கி, தன் பெயரில் வைத்து, லாபம் சேர்த்துத் தவணைக்கு உங்களுக்கு விற்கும். அது முராபஹா. இங்கே 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பொருள் வாங்கி விற்கும் வேலை வங்கிக்குக் கூடாது என்கிறது. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிமுறைக்குப் பரிந்துரை செய்தது. வழக்கமான வங்கிக்குள்ளேயே அதற்கொரு தனிப் பிரிவு தொடங்கலாம் என்ற யோசனையும் பின்னால் வந்தது. 2017இல் அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. ஆகவே மெஷின் விற்பவரிடமே தவணை பேசுங்கள். ரொக்க விலையை விடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம், அது ஆகும். ஒரே விலையை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும், தாமதமானால் ஏறக் கூடாது.

வெளிநாட்டு இஸ்லாமிய வங்கி என்றாலே எல்லாம் சுத்தம் என்றும் நினைக்காதீர்கள். எகிப்தின் மித் கம்ர் என்ற சிற்றூரில் 1963இல் அஹ்மத் அல் நஜ்ஜார் தொடங்கியது ஏழை விவசாயிகளின் சேமிப்பு வங்கி. 1975இல் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும், துபாயில் வணிக வங்கியும் வந்தன. 2014இல் பிரிட்டன் அரசே 20 கோடி பவுண்டுக்கு ஸுகூக் (இஸ்லாமிய முறை முதலீட்டுப் பத்திரம்) வெளியிடும் அளவுக்கு விஷயம் வளர்ந்தது. வளர வளர அண்ணன் செய்த வேலையையே பெரிய வங்கிகளும் செய்யத் தொடங்கின. யாருக்கும் தேவையில்லாத ஏதோ ஓர் உலோகத்தைத் தாளிலேயே வாங்கி, தாளிலேயே விற்று, வாடிக்கையாளர் கையில் ரொக்கத்தைக் கொடுத்து, பிறகு கூடுதலாக வசூலிப்பார்கள். இப்படி வங்கியே ஏற்பாடு செய்து நடத்தும் தவர்ருக்கை, இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 2009இல் ஆகாது என்று சொல்லிவிட்டது. நடப்பது இன்னும் நடக்கிறது.

'ஹலால் முதலீடு, மாதம் 3 சதவீதம்' என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். 2019இல் பெங்களூரில் அப்படிப் பணம் திரட்டிய ஒரு நிறுவனம் கவிழ்ந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதே வருஷம் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமும் வந்தது. நீங்களும் அண்ணன் மாதிரி இன்னும் நாலு பேரிடம் வாங்கலாமே என்று இறங்காதீர்கள். பங்காளி போடும் முதல் அந்தச் சட்டத்தில் வைப்புத்தொகை ஆகாது. ஊரில் வசூலித்தால் ஆகும்.

போக்கியம் பற்றி: வீட்டுக்காரருக்கு 6 லட்சம் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக வாடகையில்லாமல் அவர் வீட்டில் இருக்கிறீர்கள். கடனால் வரும் எந்த ஆதாயமும் வட்டி என்பது விதி. மாதம் 8,000 வாடகை போகும் வீடு என்றால் அந்த 8,000தான் உங்கள் வட்டி. பெயருக்கு 100 ரூபாய் வாடகை எழுதிக்கொள்வதைப் பல ஆலிம்கள் ஏற்பதில்லை. ஊர் நிலவரத்துக்கு ஒத்த வாடகையும், சாதாரண அட்வான்ஸும் பேசுங்கள். மார்க்கத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் எனக்குப் போக்கியம் பிடிக்காது. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யாமல் விடுகிறார்கள். வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டால், வங்கி பூட்டுப் போட வரும்போது உங்கள் பேப்பருக்கு மதிப்பில்லை. என்னிடம் அப்படி வந்து அழுதவர்கள் உண்டு. அந்த 6 லட்சத்துக்கு வெள்ளி வாங்கிப் போடுங்கள், உங்கள் பங்கு 8 லட்சத்திலிருந்து 14 லட்சமாகிவிடும், அண்ணனிடம் பேசும்போதும் கை ஓங்கும்.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், மச்சானும் மச்சினனும் பேசினால் வார்த்தை தடிக்கும். நல்ல வருஷக் கணக்கோடு நட்ட வருஷக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். 1 லட்சம் நட்டத்தில் அவருடைய 60,000 எங்கே வருகிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், நிலம் விற்ற காசு, பயம் இருக்கும். எவ்வளவு போனால் தாங்குவார் என்று கேட்டு அந்த அளவுக்கு மட்டும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் என்றால் மூன்று லட்சம்தான். இப்போதைக்கு மூன்று லட்சத்து வெள்ளியில் தொடங்கி, மீதி நாள் கூலி வேலையையே பாருங்கள்.